டீச்சர் தட்டுவார், நான் சாவியைத் திருப்புவேன்

தம்பி,

நாளைக்கு நீயும் ரீனாவும் சுங்கை பூலோ வீட்டுக்குக் குடிபோகிறீர்கள். ஹாலில் உன் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. அப்பா அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்து, கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் நேரில் சொன்னால் நீ பாதியில் சிரிப்பாய், நானும் சிரித்துவிடுவேன், சொல்ல வந்தது நின்றுபோகும். கல்யாணத்தன்று சாப்பாட்டுப் பந்தி முடிந்த பிறகு நானும் உன் மாமியார் மேரி டீச்சரும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரே தட்டிலிருந்து லட்டைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தோம். நீ வந்து, "நீங்க ரெண்டு பேரும் எப்பம்மா இப்படி ஃபிரெண்ட்ஸ் ஆனீங்க?" என்று கேட்டாய். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோமே தவிரப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லலாம் என்று மேரி டீச்சர் அனுமதி கொடுத்துவிட்டார். இதில் ரீனாவுக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. அவளும் சேர்ந்து படிக்கட்டும்.

உங்கள் கல்யாணத்தை எங்கே நடத்துவது என்று இரண்டு வீட்டுக்கும் இழுபறி நடந்த மாதங்கள் உனக்கு மறந்திருக்காது. எனக்குப் பிரிக்பீல்ட்ஸ் மண்டபம்தான் வேண்டும். இந்தத் தெருக்களில் எத்தனை வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் இலையில் உட்கார்ந்திருக்கிறேன். பல் கிளினிக் கவுன்டரில் நான் இத்தனை வருஷம் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஜனங்கள் எல்லாரும் நடந்தே வந்து என் மகனை வாழ்த்த வேண்டும் என்று ஆசை. டீச்சருக்கோ கிள்ளானில் அவர் வீட்டுப் பக்கத்தில் இருக்கும் சின்ன சர்ச்சைத் தவிர வேறு எதுவும் கூடாது. ரீனா அழுதாள், நீ சமாதானம் பேசினாய், அப்பா "என்னை இழுக்காதீங்க" என்று டிவி சத்தத்தைக் கூட்டினார். பிறகு ஒரு நாள் காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, "நாங்க ரெஜிஸ்டர் பண்ணிட்டு வந்துடறோம்மா. யாருக்கும் கஷ்டம் வேணாம்" என்றாய். நீ சத்தம் போட்டிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அவ்வளவு அமைதியாகச் சொன்னாய். அன்றைக்கே கிளினிக்கிலிருந்து டீச்சருக்குப் போன் போட்டேன். உங்கள் இருவருக்கும் தெரியாமல் நாங்கள் பேசி முடித்துவிடலாம் என்றேன். அவரும் சரி என்றார்.

கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். நான் நம் பழைய காரில் போனேன், அவர் போனில் வண்டி கூப்பிட்டு வந்திருந்தார். கப்பில் தே வந்தது, குடிக்காமலே ஆறியது. பேச்சு மட்டும் முன்னால் நகரவேயில்லை.

"சர்ச்லதான் நடக்கணும்னு ஏன் இவ்ளோ பிடிவாதம் டீச்சர்? காரணம் சொல்லுங்க."

"காரணமெல்லாம் ஒண்ணுமில்ல. எங்களுக்கு அதான் சரி."

"அப்போ உங்க வீட்டு வசதிக்குத்தான் என் மகன் கல்யாணம் நடக்கணுமா?"

டீச்சர் தேக் கப்பைத் தள்ளி வைத்தார். கைப்பையை மூடினார். "மழை வருது. நான் கெளம்புறேன்" என்று எழுந்துவிட்டார். வெளியே வந்து பார்த்தால் மழை கொட்டுகிறது. போனில் வண்டி தேடுகிறார், எந்த வண்டியும் கிடைக்கவில்லை. கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தை அடிக்கடி திரும்பிப் பார்த்தார். வீட்டில் அவர் கணவர் ஜோசப் மாமாவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவாராம், அதற்குள் போக வேண்டுமாம். கோபத்தில் இருந்தாலும் ஒரு பெண்பிள்ளையை மழையில் நிறுத்திவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. "வாங்க, நான் விட்டுட்டுப் போறேன்" என்றேன். அவருக்கும் வேறு வழியில்லை, ஏறி உட்கார்ந்தார். நான் சாவியைத் திருப்பினேன். டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

உனக்கு இதைச் சொல்லவேயில்லை, அந்தக் கார் சில வாரங்களாகவே அப்படித்தான் செய்துகொண்டிருந்தது. ஒரு தடவை டிக் என்னும், மறு தடவை ஸ்டார்ட் ஆகிவிடும். உனக்குத் தெரிந்தால் 'வித்துடுங்கம்மா' என்பாய் என்று வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அது மறு தடவையும் டிக், அதற்கடுத்த தடவையும் டிக். கண்ணாடியெல்லாம் எங்கள் மூச்சில் மங்கிவிட்டது. நான் விடாமல் திருப்பிக்கொண்டேயிருந்தேன். டீச்சர் நேராகப் பார்த்தபடி, "செஞ்சதையே திரும்பத் திரும்பச் செய்றீங்க" என்றார். அது காரைப் பற்றிச் சொன்னதா, கடையில் நான் பேசியதைப் பற்றிச் சொன்னதா என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் கையை எடுத்துவிட்டேன்.

மழை கொஞ்சம் விட்டதும் பக்கத்துக் கடை இளைஞர் ஒருவர் குடையோடு வந்தார். "தள்ளவா ஆன்டி?" என்று குனிந்து உள்ளே பார்த்தவர், "ஐயோ, ஆட்டோ கியர் லா. இதைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கிளட்ச் இருக்கிற காரைத்தான் தள்ளி ஓட வைக்கலாமாம். இத்தனை வருஷம் ஓட்டியும் எனக்கு அது தெரியாது. சாலாக் செலாத்தானில் நம் காரைப் பழுது பார்க்கும் செல்வம் அண்ணனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

"லைட்டு பிரகாசமா எரியுதா? ஹார்ன் அடிங்க, கேக்கட்டும்" என்றார். அடித்தேன். டீச்சர் துள்ளிவிட்டார்.

"அப்போ பேட்டரில கோளாறு இல்லக்கா. ஸ்டார்ட்டர்தான். அது ஒரு சின்ன மோட்டார். பேட்டரி கரன்டை வாங்கி, பெரிய எஞ்சினைச் சுத்தி விடணும். உள்ள கரித்துண்டு தேஞ்சு போச்சுன்னா கரன்டு சரியா ஒட்டாது. மேல ரெண்டு தட்டு தட்டினா அசைஞ்சு ஒட்டிக்கும். நெலைக்காது, வீடு போய்ச் சேர்ற அளவுக்குப் போதும். கூட யாராச்சும் இருக்காங்களா?"

"ஏண்ணே?"

"ஒரு ஆளு தட்டணும், அதே நேரத்துல ஒரு ஆளு சாவியைத் திருப்பணும். தனியா ஆகாது."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். உங்களுக்கு ஓட்டத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். "அப்போ நீங்கதான் தட்டணும் டீச்சர்" என்றேன். அவர் கைப்பையைச் சீட்டில் வைத்தார். துப்பட்டாவை இழுத்து இடுப்பில் கட்டினார், சட்டைக் கையை மடித்தார், டயர் கழற்றும் நீள ஸ்பேனரை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு இறங்கினார். கியரைப் பார்க்கிங்கில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, முன்மூடியைத் திறந்து இருவரும் தேடினோம். செல்வம் அண்ணன் சொன்ன மாதிரியே கீழே, எஞ்சினின் ஓரத்தில், பால் டின்னைப் படுக்க வைத்ததுபோல் ஒன்று இருந்தது. "பேட்டரி பக்கம் அந்த இரும்பைக் கொண்டு போயிடாதீங்க. ஸ்டார்ட் ஆனதும் கையை வெளிய எடுத்துடணும்" என்று அவர் போனில் எச்சரித்துக்கொண்டேயிருந்தார்.

முதலில் அவர் தட்டும்போது நான் திருப்பவில்லை, நான் திருப்பும்போது அவர் தட்டவில்லை. முன்மூடி மறைத்ததால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. "தட்டிட்டேன்னு சொல்றேன், கேக்கலயா?" என்று அவர் கத்துகிறார். "தட்டிட்டுச் சொன்னா எப்படி, தட்டும்போது சொல்லணும்" என்று நான் கத்துகிறேன். திடீரென்று, பாலர் பள்ளியில் இத்தனை வருஷம் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்த அந்தக் குரல் எழும்பியது: "ஒன்... டூ... த்ரீ." மூன்றுக்கு நான் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் ஒரு குலுக்கலோடு பிடித்துக்கொண்டது. முன்மூடியை இறக்கிவிட்டு அவர் நின்ற கோலத்தை நீ பார்த்திருக்க வேண்டும். தலை நனைந்து, கன்னத்தில் கரி அப்பி, ஸ்பேனரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஓடுதா?" என்று கேட்டார். "ஓடுது டீச்சர், வாங்க" என்றேன். ஒரு சண்டைக்குப் பிறகு அவ்வளவு பிரியமாக நான் யாரையும் கூப்பிட்டதில்லை.

பாலத்தில் ஜாம். அங்கே நின்றபோதுதான், வைப்பர் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார். ஜோசப் மாமாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது நமக்கெல்லாம் தெரியும், சக்கர நாற்காலியில் இருப்பதும் தெரியும். தெரியாதது இது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதல் அவர் வாசல்படியைத் தாண்டவே இல்லை. வாய் குழறுகிறது, யாராவது கேட்டுவிடுவார்கள் என்று போனைக்கூடத் தொடுவதில்லை. கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். "ரொம்பக் கெஞ்சினேன். கடைசில, நம்ம சர்ச்சுன்னா வரேன், அங்க என்னைத் தெரிஞ்சவங்கதான் இருப்பாங்கன்னார். ரீனாகிட்ட சொன்னா கல்யாணமே வேணாம்னுடுவா. உங்க மாடி மண்டபத்துல படி இருக்கு. அவரை நாலு பேரு தூக்கிட்டுப் போறதை அவர் பொறுத்துக்க மாட்டார்." நான் முன்னால் நின்ற லோரியின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இதைக் கடையிலயே சொல்லியிருக்கலாமே" என்றேன். "நீங்க காரணம் கேட்டீங்க. புருஷனைக் காரணமா சொல்ல எனக்கு வாய் வரல" என்றார்.

அதனால்தான் உனக்கு இதைச் சொல்கிறேன், தம்பி. நீங்கள் இருவரும் சண்டை போடத்தான் போகிறீர்கள், போடாதவர்கள் யார். ஒரு நாள் ரீனா ஒரு விஷயத்தில் காரணமே சொல்லாமல் பிடிவாதமாக நிற்பாள். அப்போது அதே கேள்வியை இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்காதே. கையை எடு. இறங்கிப் போய் மூடியைத் திற. உனக்கு என் சுபாவம், காரணம் கேட்டுக் கேட்டே ஆளைக் களைக்க வைப்பாய். அவளுக்கு அவள் அம்மா சுபாவம், கைப்பையை மூடிவிடுவாள். தெரிந்து வைத்துக்கொண்டால் பாதி சிரமம் குறையும்.

டீச்சர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நான் எஞ்சினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி எடுக்காதே. அதனால் உள்ளே வர முடியாது என்று கேட்டுக்கு வெளியிலேயே உட்கார்ந்திருந்தேன். டீச்சர் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு ஆணின் சிரிப்புச் சத்தம் கேட்டது. மனைவியின் முகத்தில் அப்பியிருந்த கரியைப் பார்த்து ஜோசப் மாமா சிரித்தாராம். அந்தச் சிரிப்பை எவ்வளவோ நாளாகக் கேட்கவில்லையாம். சம்பந்தி வாசலில் வந்து தே குடிக்காமல் போவதா என்று அவருக்கு ஆகவில்லை. நான் உள்ளே வர முடியாது என்றதும் மாமாவே வெளியே வந்துவிட்டார். டீச்சர் ஒரு கையில் கப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்ததைப் பார்த்தேன். படியைத் தாண்ட ஒரு பலகை போட்டிருந்தார்கள். கேட்டருகே வந்ததும் மாமா என் கார் ஓடும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். "என்ன... சத்தம்... வந்துச்சு?" என்றார். டிக் என்று ஒரே சத்தம் என்றேன். "ஸ்... ஸ்டார்ட்டர்" என்று சொல்லி முடிக்க அவருக்கு நேரமானது. நான் காத்திருந்தேன். எனக்கு அவசரம் இல்லை, எஞ்சின்தான் ஓடிக்கொண்டிருக்கிறதே.

உங்கள் கல்யாணம் முடிவானது அந்தக் கேட்டில்தான். "மாடி மண்டபம் வேணாம் டீச்சர். கிள்ளான்லயே தரையோட இருக்கிற மண்டபமா பாப்போம். எங்க ஜனங்க ரயில் பிடிச்சு வரட்டும்" என்றேன். டீச்சர் தன் கணவரைப் பார்த்தார். "காலைல சர்ச், மத்தியானம் தாலி. தாலித் தட்டை நானே எடுத்துட்டு வரேன்" என்றார். நாங்கள் திடீரென்று ஒத்துப்போனதை நீ உன் பேச்சுத் திறமை என்று நினைத்துக்கொண்டாய். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

மறுநாளே காரைக் கொண்டுவரச் சொன்னார் செல்வம் அண்ணன். நான் கொண்டுபோகவில்லை. பத்திரிகை வைக்கும் வேலை ஆரம்பித்தது, நினைவிருக்கிறதா? வீட்டில் காலையில் பத்துத் தடவை திருப்பினால் எப்படியோ எடுத்துவிடும், வழியில் நின்றால் தனியாகக் காரை எடுக்க முடியாது, டீச்சர் கூட வந்தால்தான் ஆகும் என்று அவரை அழைத்துக்கொண்டேன். உன்னிடம் டெய்லர் கடைக்கு என்று நானும், ரீனாவிடம் பிசியோவுக்கு என்று டீச்சரும் சொல்லிவிட்டுப் போன நாளெல்லாம் அதற்குத்தான். மாமாவைத் தனியாக விட முடியாதே, அவரையும் முன்சீட்டில் உட்கார வைத்தோம். முதல் நாள் அவர் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வீட்டு வாசலில், டீச்சர் ஸ்பேனரோடு முன்னால் நின்று எண்ணும்போது ஒரு லோரி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது, எனக்குக் கேட்கவில்லை. அப்போது பக்கத்திலிருந்து "ஒன்" என்றார் மாமா. "டூ" வருவதற்குள் நான் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "த்ரீ" என்றதும் டீச்சர் தட்டினார், நான் திருப்பினேன், கார் எடுத்தது. அன்றிலிருந்து எண்ணும் வேலை அவருடையது. சுங்கை பூலோவில் உன் சித்தப்பா வீட்டு வாசலில் அவர் எண்ணியதைக் கேட்டு எதிர்வீட்டுப் பிள்ளைகள் ஓடிவந்து கூடவே எண்ணினார்கள். மாமா கண்ணாடியை இறக்கிவிட்டு அவர்களுக்காக இன்னொரு தடவை எண்ணினார். ரீனா உன்னிடம், "அப்பா இப்போ நல்லாப் பேசறார், பிசியோ மாத்தினது நல்லதாப் போச்சு" என்று சொன்னாள் இல்லையா? பிசியோவையும் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் தேய்ந்தது தேய்ந்ததுதான். பங்சாரில் ஒரு நாள் எத்தனை தட்டியும் அசையவில்லை. மாமா மூச்சு வாங்க எண்ணினார், டீச்சர் தோள் வலிக்கத் தட்டினார். கடைசியில் இழுவை லோரி வந்து காரைச் சாலாக் செலாத்தானுக்குக் கொண்டுபோனது. செல்வம் அண்ணன் பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அதன் உடம்பெல்லாம் சொட்டை. "யாருக்கா இதை இந்த அடி அடிச்சது?" என்றார். "எங்க டீச்சர்" என்றேன். புதிதைப் போட்டார். சாவியைத் தொட்டதும் எடுத்தது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பக்கத்துச் சீட்டு காலியாக இருப்பதே கண்ணில் பட்டது.

மறுநாள் காலை கிளினிக்குக்குக் கிளம்பும்போது டீச்சர் வீட்டிலிருந்து போன். எடுத்தேன். எதிரில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு மாமாவின் குரல். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தொடாத போனில், அவராகவே.

"காடி... ஸ்டார்ட் ஆகுதா?"

"ஆகுதுங்க. ஒரே தடவைல எடுக்குது."

"அப்போ... நாங்க... வர வேணாமா?"

"யார் சொன்னது? இன்னும் பாதிப் பத்திரிகை இருக்கு. சனிக்கிழமை ரெடியா இருங்க" என்றேன். போனை வைத்த பிறகு செருப்பைப் போட எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மற்றதை நீயே பார்த்தாய். சர்ச்சில் ரீனா தன் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில், அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்ததையும், மத்தியானம் மண்டபத்தில் நம் பிரிக்பீல்ட்ஸ் கூட்டத்துக்கு நடுவில் அவர் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் "சாப்ட்டீங்களா" என்று கேட்டதையும் பார்த்தாய். அந்த ஒரு வார்த்தையை அவர் எத்தனை நாள் காரில் பழகினார் என்பது மட்டும் உனக்குத் தெரியாது. நம் கிளினிக் ஜனங்கள் ரயில் பிடித்துத்தான் வந்தார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை. நான் மாதக்கணக்கில் பயந்தது இதற்குத்தானா என்று இருந்தது.

உங்கள் வீட்டுக்கு நான் அடிக்கடி வரமாட்டேன். கோபத்தால் இல்லை, எனக்கும் வேலை இருக்கிறது. டீச்சர் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறார். இந்த வயதிலா என்று கேட்டுவிடாதே, ரீனாவையும் கேட்க விடாதே. கற்றுக்கொள்பவர்களுக்கான எல் லைசென்ஸ் எடுத்துவிட்டார், டிரைவிங் பள்ளியில் முறையாகப் படிக்கிறார். மாமாவைக் கடற்கரைப் பக்கம் அழைத்துப் போக இனி யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. கை பழகட்டும் என்று ஞாயிறு காலையில் எனக்குத் தெரிந்த ஒருவரின் காலி மைதானத்தில், கேட்டைச் சாத்திக்கொண்டு, நம் காரைக் கொடுக்கிறேன். போன வாரம் மாமா பக்கத்தில் உட்கார்ந்தார், நான் பின்னால். டீச்சர் கண்ணாடியைச் சரி செய்தார், பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், கியரைப் பார்த்தார், ஒரு ஜெபமும் சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் உடனே எடுத்துவிட்டது. அவர் பயத்தில் சாவியை விடவில்லை. ஓடுகிற எஞ்சினோடு ஸ்டார்ட்டரும் சேர்ந்து கிறீச்சென்று கத்துகிறது, அதைக் கேட்டு இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா நல்ல கையை நீட்டி அவர் தோளில் வைத்தார்.

"விடு மேரி" என்றார். ஒரு குழறலும் இல்லை. "அதான் ஓடுதே."

டீச்சர் விட்டார். சத்தம் நின்று, எஞ்சின் தன் பாட்டுக்கு ஓடியது. கொஞ்ச நேரம் நாங்கள் மூவரும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு அவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்து, மைதானத்தை ஒரு சுற்று சுற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவதென்றால் பதினோரு மணிக்கு மேல் வாருங்கள். அதற்கு முன்னால் எங்கள் யாரையும் வீட்டில் பார்க்க முடியாது.

அம்மா